சர்க்கரையை விட்டுக் கருவாட்டுக்குப் போகும் எறும்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எறும்பு என்றாலே இனிப்பு என்று முடிவுகட்டி வைத்திருக்கிறோம். ஆண்டு முழுவதும் ஒரே சாரையைக் கவனித்து வருபவருக்கு அந்த முடிவு நிலைக்காது. ஒரு மாதம் வெல்லம், அடுத்த மாதம் செத்த கரப்பான், பிறகு எண்ணெய்ச் சட்டி, கோடை வந்தால் தண்ணீர்க் குழாய். இந்த மாற்றத்துக்குத் தெளிவான காரணம் உண்டு. அது தெரிந்துவிட்டால், எறும்பு எதைச் சுமக்கிறது என்பதை வைத்தே புற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடியும். வீட்டிலும் தோட்டத்திலும் எறும்பைப் பார்த்துக் கேள்வி எழுப்புபவர்களுக்காக இந்தப் பக்கம்.

போன மாதம் சர்க்கரை டப்பாவை மொய்த்தவை, இப்போது அதைத் தொடாமல் கருவாட்டுப் பானைக்குப் போகின்றன. அவை அதே எறும்புகள்தானா?

பெரும்பாலும் அதே புற்றின் எறும்புகள்தான். புற்றுக்குள் சாப்பிட வேண்டியவர்களின் கணக்கு மாறியிருக்கிறது.

வெளியே ஓடித் திரியும் எறும்புகள் எல்லாம் வளர்ந்து முடிந்தவை. அவற்றின் உடல் இனிமேல் வளரப்போவதில்லை. ஓடவும் சுமக்கவும் சக்தி வேண்டும். அதைச் சர்க்கரை தருகிறது. உள்ளே கிடக்கும் புழுக்களின் கதை வேறு. முட்டையிலிருந்து வெளிவந்து கூட்டுப்புழு ஆவதற்குள் அவை பல மடங்கு பெருக்க வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். முட்டையிடும் இராணிக்கும் அதே தேவைதான். எனவே புழுக்கள் நிறைந்த காலத்தில் செத்த பூச்சி, கருவாடு, முட்டைக்கரு, இறைச்சித் துணுக்கு ஆகியவற்றின் பக்கம் சாரை திரும்பும். புழு குறைந்த காலத்தில் சர்க்கரையே போதும் என்று இருக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது. அதன் உணவுக்குழல் அந்த ஒடுங்கிய இடுப்பின் வழியாகத்தான் வயிற்றுக்குப் போக வேண்டும். வாய்க்குள்ளேயே ஒரு சிறு பை இருந்து துகள்களைத் தடுத்து நிறுத்துகிறது. சேர்ந்த துகள்களை எறும்பு உருண்டையாக வெளியே துப்பிவிடும். சாறு மட்டுமே உள்ளே போகும். ஆகவே கரப்பானின் காலை இழுத்துக்கொண்டு போகும் எறும்பு தன் வயிற்றுக்காக இழுக்கவில்லை.

நெருப்பெறும்பின் புற்றில் இதை மிக அருகில் பார்த்திருக்கிறார்கள். கடைசிப் பருவத்துப் புழு மல்லாந்து கிடக்கும். வாய்க்குச் சற்றுக் கீழே, வயிற்றுப் பக்கத்தில், மயிர்கள் சூழ்ந்த ஓர் இடம் இருக்கும். பணி எறும்பு கெட்டித் துணுக்கைக் கொண்டுவந்து அங்கே வைக்கும். புழு தன் செரிமான நீரை அதன்மேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சும். அந்தச் சாற்றில் ஒரு பங்கு பணி எறும்புகள் வழியாக மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். கெட்டி உணவைப் பொறுத்தவரை, அந்தக் குடும்பம் முழுவதற்கும் இரைப்பையாக இருப்பது அசையக்கூட முடியாத அந்தப் புழுதான். எறும்புகளைப் பற்றி அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

உள்ளே என்ன தேவை என்று வெளியே சுற்றும் எறும்புக்கு யார் சொல்வது?

யாரும் கட்டளையிடுவதில்லை. இராணி முட்டையிடுவாளே தவிர ஆட்சி செய்வதில்லை.

தீனி தேடிப் போன எறும்பு, சர்க்கரை நீரைத் தன் முன்வயிற்றில் நிரப்பிக்கொண்டு திரும்புகிறது. இந்த முன்வயிறு செரிப்பதற்கானது அல்ல, பிறருக்குக் கொடுப்பதற்கானது. வாயிலில் காத்திருக்கும் எறும்புகள் வாயோடு வாய் வைத்து அதை வாங்கிக்கொள்ளும். அவை புழுக்களைப் பராமரிக்கும் எறும்புகளுக்குக் கொடுக்க, அங்கிருந்து புழுக்களுக்குப் போகும். புழுக்கள் பசித்திருந்தால் இந்தச் சங்கிலி வேகமாக ஓடும். கொண்டுவந்த எறும்பு சட்டென்று இறக்கிவிட்டு, வழியெல்லாம் வாசனைத் தடம் வைத்தபடி மறுபடி ஓடும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் பல எறும்புகள் கிளம்பும். உள்ளே அந்த உணவுக்குத் தேவை இல்லையென்றால் வாங்க ஆளில்லை. சந்தையில் சரக்கு இறங்காத வண்டியைப் போல அது நிறைவயிற்றோடு காத்து நிற்கும். திரும்பப் போகாது, தடமும் வைக்காது. பழைய வாசனை மெல்ல ஆவியாகிவிடும், சாரை கலைந்துவிடும். நேற்று மொய்த்த சர்க்கரையை இன்று ஒன்றுகூட எட்டிப் பார்க்காததற்குப் பொதுவான காரணம் இதுதான்.

அந்த முன்வயிற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். சமையலறையில் திரியும், கருந்தலையும் வெளிறிய உடலும் கொண்ட மிகச் சிறிய எறும்புக்கு வண்ணம் கலந்த சர்க்கரை நீரைக் கொடுங்கள். குடித்து முடித்ததும் அதன் பின்னுடல் பருத்து, உள்ளே இருக்கும் சிவப்போ பச்சையோ தோல் வழியே தெரியும். மைசூரில் இப்படி எடுக்கப்பட்ட புகைப்படங்கள் 2011-இல் உலகெங்கும் பரவின.

“வசந்த காலத்தில் புரதம், இலையுதிர் காலத்தில் சர்க்கரை” என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அது நமக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. குளிர்நாட்டு அட்டவணையை எடுத்து நம் ஊர்ச் சுவரில் ஒட்டுவதால் வரும் குழப்பம் இது.

அந்த விதி ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் உருவானது. அங்கே குளிர்காலத்தில் புற்று ஏறக்குறைய அடங்கிவிடும். வெயில் திரும்பும்போது இராணி முட்டையிடத் தொடங்கும், புழுக்கள் பெருகும், புரதத் தேவை ஏறும். கோடையின் கடைசியில் புழுக்கள் குறைந்து, குளிரைத் தாண்டுவதற்கான சேமிப்பு தொடங்கும். இனிப்பின் பக்கம் சாரை சாயும். ஐரோப்பியக் காடுகளின் சிவப்பு எறும்புகளில் இளம் பணி எறும்புகள் இலையுதிர் காலத்திலேயே உடலில் கொழுப்பைத் தேக்கிக்கொள்கின்றன. வசந்தத்தின் முதல் புழுக்களை, வெளியே தீனி கிடைப்பதற்கு முன்பே, அந்தக் கொழுப்பிலிருந்து சுரக்கும் உணவைக் கொடுத்து வளர்த்துவிடுகின்றன.

நம் சமவெளியில் எறும்புக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. முட்டையும் புழுவும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் இருக்கும். இங்கே பருவத்தை நிர்ணயிப்பது குளிரைக் காட்டிலும் மழை. பங்குனி, சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து, பகலில் தரை கொதிக்கும். எறும்புகள் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான் வெளியே வரும். தண்ணீரும் நீர்ச்சத்துள்ள இனிப்பும் முதல் தேவையாகிவிடும். முதல் மழைக்குப் பிறகு மண் இளகும், புல் முளைக்கும், பூச்சிகள் பெருகும். வேட்டைக்குப் பஞ்சமில்லை, புழு வளர்ப்பும் சூடுபிடிக்கும். சிறகு முளைத்த இளம் இராணிகளும் ஆண்களும் மழைக்குப் பின் பறந்து போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். (ஈசல் வேறு; அது கறையானின் சிறகுப் பருவம்.) அந்தச் சிறகெறும்புகளை வளர்த்தெடுக்க அதற்கு முந்தைய வாரங்களில் புற்று புரதத்தையும் கொழுப்பையும் கொட்ட வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே போக வழியில்லை. வளைக்குள் நீர் புகுந்தால் கூட்டத்தோடு வீட்டுச் சுவருக்குள் குடிபெயரும்.

கடற்கரை ஊர், உள்மாவட்டம், மலை என்று இது மாறும். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் ஊருக்கான அட்டவணையை நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்கு ஒரு வழியைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்கிறார்களே?

மேட்டை நோக்கி அவை தூக்கிச் செல்லும் அந்த வெள்ளை மணிகளில் பெரும்பாலானவை முட்டைகள் அல்ல. எறும்பின் முட்டை தூசி அளவுதான் இருக்கும். கண்ணுக்குத் தனியாகத் தெரிவது அரிது. அரிசிக் குருணைபோலத் தெரிபவை புழுக்களும் கூட்டுப்புழுக்களும். குனிந்து பாருங்கள்: வளைந்து, ஒரு முனை கூம்பியிருந்தால் புழு, கால், கண், உணர்கொம்பு மடிந்த வடிவம் மங்கலாகத் தெரிந்தால் கூட்டுப்புழு.

இந்த வேறுபாடு நம் பேச்சுக்கு முக்கியமானது. கூட்டுப்புழு சாப்பிடாது. புழு சாப்பிடும். இடம்பெயரும் சாரையில் புழுக்கள் மிகுதியாகத் தெரிந்தால், அந்தப் புற்று அடுத்த நாட்களில் பூச்சியையும் மீனையும் தேடும் என்று எதிர்பார்க்கலாம். எல்லாம் கூட்டுப்புழுவாகவே இருந்தால் அந்த வேகம் சற்றுத் தணியும்.

கோடையில் குளியலறையிலும் குழாயடியிலும் மொய்ப்பது எதற்காக?

தண்ணீருக்காகத்தான். புழுக்கள் மெல்லிய தோலுடையவை. ஈரம் இல்லாவிட்டால் வற்றிவிடும். அதனால் பணி எறும்புகள் தண்ணீரையும் முன்வயிற்றில் நிரப்பியோ, தாடைகளுக்கு நடுவே துளியாகப் பிடித்தோ கொண்டு போகின்றன.

நம் நாட்டுப் புதர்க்காடுகளில் டயகம்மா என்ற பெரிய கறுப்பு எறும்பு உண்டு. இதில் தனி இராணி வகையே கிடையாது. பணி எறும்புகளில் ஒன்றே முட்டையிடும் பொறுப்பை ஏற்கும். அதன் வளை வாயிலைச் சுற்றிப் பறவை இறகுகளும் செத்த எறும்புகளும் கிடப்பதைக் காணலாம். வறண்ட காலத்தில் அவற்றின்மேல் இரவில் பனித்துளி படிகிறது. விடியலில் எறும்புகள் வந்து அதை எடுத்துக்கொள்கின்றன. எறும்பு ஆய்வாளர் மார்க் மொஃபெட் இதை 1985-இல் விவரித்தார். கோடையில் எறும்புக்கு வீட்டுக்குள் நுழையும் எண்ணமே வராமலிருக்க, வாசலுக்கு வெளியே நிழலில் ஓர் ஈரமான மண்சட்டி வைத்துப் பாருங்கள். செலவில்லாத காரியம்.

எல்லா எறும்பும் இப்படி மாறுமா? கட்டெறும்பு எப்போதும் இனிப்பின் பின்னால்தான் போகிறது.

ஒவ்வோர் இனமும் தன் வழியில் மாறும். சிலவற்றில் மாற்றம் பளிச்சென்று தெரியும். சிலவற்றில் தெரியவே தெரியாது.

கட்டெறும்பைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதன் இனத்தைச் சேர்ந்த எறும்புகளின் குடல் செல்களுக்குள் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. நைட்ரஜன் கழிவை மறுபடி பயன்படுத்தி, உணவில் கிடைக்காத அமினோ அமிலங்களை அது உருவாக்கிக் கொடுக்கிறது. புரதத்தில் ஒரு பகுதி வீட்டிலேயே விளைவதால், செடியின் சாற்றையும் பூச்சிகள் கழிக்கும் தேன் நீரையும் நம்பியே பெருமளவு காலம் தள்ளுகிறது. பீர்க்கு வகைக் கொடிகளில் பூவுக்கு வெளியே இலையிலும் காம்பிலும் தேன் சுரக்கும் புள்ளிகள் உண்டு. கொடி துளிர்விடும் காலத்தில் கட்டெறும்பு அங்கேயே குடியிருப்பதைப் பார்க்கலாம்.

முசுறு நேர்மாறான வேட்டைக்காரன். மாமரத்தில் இலைகளைப் புழுவின் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு அது. சீனாவில் எலுமிச்சை இனத் தோட்டங்களில் பூச்சியைப் பிடிக்க இதன் கூடுகளை விற்று வாங்கியதாகக் கி.பி. 304-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. அதுவும் தேன் நீரை விடாது; செடியின் சாற்றை உறிஞ்சித் தேன் நீரைக் கழிக்கும் செதில்பூச்சிகளை மேய்த்துக்கொண்டே வேட்டையாடும். தாய்லாந்தின் வடகிழக்கில் மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் இதன் கூடுகளைப் பிரித்து, இராணிப் புழுக்களை உணவுக்காக எடுக்கிறார்கள். அந்த மாதங்களில்தான் கூடு பெரும்புழுக்களால் நிறைந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

நம் வயல்களில் உள்ள நெருப்பெறும்பில் தலை பெருத்த பணி எறும்புகள் இருக்கின்றன. விதையை உடைத்து அரைப்பதே அவற்றின் வேலை. கீரை, எள், கேழ்வரகு விதைத்த பாத்தியிலிருந்து விதை காணாமல் போனால் இதன் சாரையைப் பின்தொடருங்கள்.

ஃபாரோ எறும்பு என்ற, மருத்துவமனைகளுக்கும் பழைய கட்டடங்களுக்கும் பெரும் தொல்லையான மஞ்சள் எறும்பில் மாற்றம் நாள் கணக்கிலேயே நடக்கும். ஒரே வகை உணவைத் தொடர்ந்து கொடுத்துவிட்டு வேறு வகையை வைத்தால் அதற்குத் தாவிவிடும் என்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

வட அமெரிக்காவில் ‘குளிர்கால எறும்பு’ என்றே பெயர்பெற்ற ஓரினம் உண்டு. அது குளிர் மாதங்களில் மட்டும் வெளியே மேய்ந்து, சில எறும்புகளின் உடலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும். கோடையில் வாயிலை அடைத்துக்கொண்டு, அந்தச் சேமிப்பிலிருந்தே புழுக்களை வளர்த்துவிடும். ஆகவே புழு இருக்கும்போதுதான் புரதத் தேட்டம் என்ற விதியையும் மந்திரம்போல ஒப்பிக்கக் கூடாது. சேமிக்கத் தெரிந்த புற்றில், தேட்டம் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

புரதம் நல்லதுதானே? வளர்ந்த எறும்பு அதிகமாகச் சாப்பிட்டால் என்ன?

செத்துப்போகும். ஆட்ரி டுசுடூர், ஸ்டீபன் சிம்ப்சன் இருவரும் ஆஸ்திரேலியாவின் பச்சைத்தலை எறும்பை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. புழு உள்ள புற்று, புழு இல்லாத புற்று இரண்டுக்கும் புரதம் மிகுந்த உணவைக் கொடுத்தார்கள். புழு இல்லாத புற்றில் பணி எறும்புகள் அதிகமாக இறந்தன. எறும்புகள் அந்த உணவிலிருந்து சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய புரதத்தைச் சிறு உருண்டைகளாகக் குப்பையில் போட்டதையும் பார்த்தார்கள். 2012-இல் ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பிலும், புரதம் மிகுந்த தீனி பணி எறும்புகளின் ஆயுளைக் குறைத்துப் புற்றையே நலிவடையச் செய்வதைக் காட்டினார்கள். எறும்பு வளர்க்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புழு இல்லாத கண்ணாடிக் கூட்டில் தினமும் பூச்சியைப் போடுவது அன்பு அல்ல.

செடியில் எறும்பு ஏறினால் பூச்சி தின்ன வந்திருக்கிறது என்று மகிழலாமா?

முதலில் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இலைகளின் மேல் அலைந்து தேடினால் வேட்டை. தண்டின் இளம் நுனியிலோ இலையின் அடியிலோ ஒரே இடத்தில் கூடி, கொம்பால் எதையோ தட்டிக்கொண்டிருந்தால் அங்கே அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி இவற்றில் ஒன்று இருக்கிறது.

இந்தப் பூச்சிகள் செடியின் சாற்றை உறிஞ்சுகின்றன. சாற்றில் சர்க்கரை மிகுதி, நைட்ரஜன் குறைவு. தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சச் சர்க்கரையைத் துளித்துளியாகக் கழிக்கின்றன. எறும்புக்கு அது வற்றாத ஊற்று. அதற்குக் கைம்மாறாகப் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் எறும்பு விரட்டிவிடுகிறது. புழு குறைந்து, சர்க்கரைத் தேட்டம் ஏறிய பருவத்தில் இந்தக் காவல் இன்னும் கடுமையாவதை எதிர்பார்க்கலாம். அதே எறும்பு, புரதம் தேவைப்படும்போது தான் காவல் காத்த பூச்சியையே தின்பதும் உண்டு.

இந்தியாவில் முதலில் 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வெளியிட்ட பிறகுதான் அது அடங்கியது. இப்படிப்பட்ட குளவிகள் வேலை செய்ய வேண்டுமானால் செடியில் எறும்பின் காவல் இருக்கக் கூடாது. தண்டின் அடிப்பகுதியில் துணியைச் சுற்றி அதன்மேல் பசை தடவினாலே பாதி வேலை முடிந்தது. மரப்பட்டையில் நேரடியாகப் பூசாதீர்கள்.

சர்க்கரைக்கும் எறும்பின் பெருக்கத்துக்கும் உள்ள உறவை உலகுக்குக் காட்டிய இடம், இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு. மஞ்சள் பைத்திய எறும்பு அங்கே பல காலம் அடக்கமாகத்தான் இருந்தது. 1989-இல் அதன் முதல் பெருங்கூட்டத்தைக் கண்டார்கள். பிறகு அது காட்டையே நிறைத்து, கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. எறும்புக்கு அந்தப் பலத்தைக் கொடுத்தது, வெளியிலிருந்து வந்து மரங்களில் பெருகிய ஒரு செதில்பூச்சி கழித்த தேன் நீர். செதில்பூச்சியை எட்டவிடாமல் தடுத்த கள ஆய்வில் எறும்பு நடமாட்டம் சில வாரங்களில் வெகுவாகச் சரிந்தது. அதன் பேரில் 2016 டிசம்பரில், செதில்பூச்சியைத் தாக்கும் மலேசியக் குளவி ஒன்றை அங்கே விட்டார்கள். எறும்பைக் குறிவைக்காமல் அதன் சர்க்கரையைக் குறிவைத்த அந்தத் திட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதே எறும்புதான் 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கால்நடைகளையும் மனிதர்களையும் வாட்டியதாகச் செய்திகளில் வந்தது. மருந்து தெளிப்பதற்கு முன், அங்கே அதற்குச் சர்க்கரை எங்கிருந்து கிடைக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

அரிசிமாவுக் கோலத்தை எறும்பு உண்மையில் சாப்பிடுகிறதா?

கொண்டு போகிறது, தானே விழுங்குவதில்லை. மாவுத் துகளும் கெட்டி உணவுதான். விதை, தானியம் சேர்க்கும் சிறு எறும்பினங்கள் அதை ஆர்வமாகத் தூக்கும். கட்டெறும்பு கண்டுகொள்ளாமல் போகும். கல்மாவில் போட்ட கோலத்தில் எறும்புக்கு ஒன்றுமில்லை. மார்கழியில் எறும்புக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம் என்று சொல்பவர்கள் பச்சரிசி மாவையே பயன்படுத்துங்கள்.

உப்பையும் தேடுமா?

தேடும். செடிகளில் சோடியம் மிகக் குறைவு. கடலிலிருந்து வரும் காற்றும் மழையும் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. உள்நாட்டுக்குப் போகப் போக அது குறையும். மைக்கேல் காஸ்பாரியும் தோழர்களும் அமெரிக்கக் கண்டங்களில், கடற்கரையிலிருந்து 4 முதல் 2,757 கி.மீ. வரை தள்ளியிருந்த 17 எறும்புக் கூட்டங்களிடையே சர்க்கரை நீரையும் உப்பு நீரையும் வைத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: கடலிலிருந்து தள்ளிப்போகப் போக உப்பின்மேல் நாட்டம் கூடுகிறது. பூச்சியை வேட்டையாடும் எறும்புக்கு இரையின் உடலிலேயே உப்பு கிடைத்துவிடுவதால் அதற்கு அவ்வளவு தவிப்பு இல்லை. இராமேசுவரத்திலும் தருமபுரியிலும் ஒரே நாளில் இதைச் செய்து பார்க்கப் பள்ளி மாணவர்கள் யாராவது முன்வந்தால் மகிழ்வேன்.

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோயா?

சிறுநீரில் குளுக்கோஸ் இறங்கினால் எறும்பு மொய்க்கும் என்பதை நம் பழைய வைத்தியர்கள் கவனித்தது பெரிய விஷயம். ஆனால் எறும்பு அதற்காக மட்டும் வருவதில்லை. கட்டெறும்பின் உறவினமான ஓர் ஆஸ்திரேலிய எறும்பு, சர்க்கரைக் கரைசலைவிட யூரியாவை அதிகமாக நாடியதைக் கங்காரு தீவில் செய்த ஆய்வு காட்டியது. உப்புக்காகவும் வரலாம், கோடையில் ஈரத்துக்காகவும் வரலாம். மொய்த்தால் பயப்பட வேண்டாம். மொய்க்கவில்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

என் வீட்டு எறும்புக்கு இப்போது என்ன தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தடித்த அட்டைத் துண்டுகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெல்லக் கரைசலில் நனைத்த பஞ்சு. இன்னொன்றில் வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோ, நெத்திலிக் கருவாட்டுத் தூளோ ஒரு சிட்டிகை. மூன்றாவதில் கடலை எண்ணெயில் பிசைந்த பொட்டுக்கடலை மாவு. நான்காவதில் உப்பு நீரில் நனைத்த பஞ்சு. சாரைக்கு அருகில், ஆனால் சாரையின் மேலேயே படாமல், சம தூரத்தில் வையுங்கள். வெயில் தாழ்ந்த நேரம் நல்லது.

முதல் பத்து நிமிடக் கூட்டத்தை நம்பாதீர்கள். அப்போது எறும்பு முதலில் எதில் முட்டியதோ அதில்தான் கூட்டம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து எதிலிருந்து புற்றுவரை தொடர்ச்சியான சாரை உருவாகியிருக்கிறது என்று பாருங்கள். மறுநாள் அட்டைகளின் இடத்தை மாற்றி வையுங்கள். பழைய வாசனைத் தடத்தில்தான் போகின்றனவா, உணவைத் தேடித்தான் போகின்றனவா என்பது அப்போது தெரியும். மாதம் ஒருமுறை இதைச் செய்து, தேதி, மழை பெய்ததா, எது முதலில் தீர்ந்தது என்று குறித்து வாருங்கள். ஓராண்டில் உங்கள் வாசலுக்கான அட்டவணை தயாராகிவிடும். இணையத்தில் கிடைப்பதைவிட அது நம்பகமானது.

சர்க்கரையில் போரிக் பவுடர் கலந்து வைத்தேன். சில நாள் மொய்த்தன. பிறகு தொடவே இல்லை. மருந்துக்குப் பழகிவிட்டனவா?

பழகவில்லை. இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

பலரும் செய்யும் தவறு மருந்தை அள்ளிப் போடுவது. கொண்டுபோகும் எறும்பு பகிர்ந்து கொடுப்பதற்கு முன்பே செத்துவிட்டால் புற்றுக்கு ஒன்றும் ஆகாது. 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, அரை முதல் 1 கிராம் போரிக் அமிலம். இதற்கு மேல் வேண்டாம். மெதுவாகக் கொல்வதுதான் இதன் பலமே. முன்வயிற்றில் போய், வாய்க்கு வாய் பகிரப்பட்டு, இராணிவரை எட்ட வேண்டும். கடையில் கேரம் பவுடர் என்று விற்பவற்றில் சில போரிக் அமிலமே இல்லாதவை; உறையைப் படித்து வாங்குங்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம்.

இன்னொரு காரணம் பருவம். நீங்கள் சர்க்கரை வைத்த நாட்களில் புற்றுக்குப் புரதம் தேவைப்பட்டிருக்கலாம். மேலே சொன்ன அட்டைச் சோதனையைச் செய்து, எதற்குச் சாரை வருகிறதோ அதில் மருந்தைக் கலந்து வையுங்கள். கருவாட்டுத் தூளுக்கு வந்தால் கருவாட்டுத் தூளில்; எண்ணெய்க்கு வந்தால் எண்ணெயில். நெருப்பெறும்புக்கு உலகெங்கும் விற்கும் தீனி மருந்துகள் பல, சோயா எண்ணெயில் ஊறிய சோளக் குருணையாக இருப்பதற்குக் காரணம், அந்த எறும்புக்கு எண்ணெயின்மேல் உள்ள நாட்டம்தான். சாரை வந்த பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு அதைத் துடைக்காதீர்கள், வேறு மருந்து எதையும் தெளிக்காதீர்கள்.

கொல்லாமல் தடுக்க முடியாதா?

பெரும்பாலான வீடுகளில் முடியும். தோட்டத்தில் மண்ணைக் கிளறி, செத்ததை அப்புறப்படுத்தும் எறும்பை வெறுமனே வெறுப்பதற்காகக் கொல்ல வேண்டியதில்லை. வெல்லம், சர்க்கரைப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பாட்டி காலத்து வழி இன்றும் வேலை செய்கிறது. தண்ணீரில் தூசி படிந்து பாலமாகாமல் தினமும் மாற்ற வேண்டும். சாரை போன பாதையைச் சோப்பு நீரால் துடைத்தால் வாசனைத் தடம் போய்விடும். மழைக்கு முன்பே ஜன்னல் கட்டையிலும் சுவரோரத்திலும் உள்ள வெடிப்புகளை அடைத்துவிடுங்கள். கருவாட்டையும் பூனைத் தீனியையும் மழைக்காலத்தில் மூடியே வையுங்கள். எண்ணெய்ச் சட்டியை இரவில் கழுவாமல் போடாதீர்கள். மருந்து என்பது ஃபாரோ எறும்பு போல, சுவருக்குள் பல கூடுகளாகப் பிரிந்து வாழும் இனத்துக்கு மட்டும் போதும். அதற்கும் தெளிப்பு மருந்து கூடாது. தெளித்தால் கூடு மேலும் பல துண்டுகளாகப் பிரிந்து அடுத்த அறைக்குப் போய்விடும்.